மையம் இல்லாத வலையில் ஒரு பனியன் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஆர்டர் ஒரே கூரையின் கீழ் முடிவதில்லை என்பது கொங்குப் பகுதியில் அனைவரும் அறிந்ததே. நூல் நிட்டிங்குக்குப் போய்த் துணியாகி, சாயப்பட்டறையும், துணியின் சுருக்கத்தைச் சரிசெய்யும் காம்பாக்டிங்கும் கடந்து, கட்டிங், பவர் டேபிள், செக்கிங் என்று இடம் இடமாக நகர்கிறது. ஒவ்வோர் இடத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்குகளை ஒருவருடைய சர்வரில் ஒப்படைக்காமல், கணினிகள் தமக்குள் நேரடியாகப் பகிர்ந்துகொள்ளும் பியர் டு பியர் வலையமைப்பாகக் கட்ட முடியுமா என்பதே இன்றைய பேச்சு.

1999இல் வந்த நாப்ஸ்டர் என்ற பாடல் பகிர்வுச் சேவையில் பாடல்கள் பயனர்களின் கணினிகளில் இருந்தன. எது எங்கே என்ற பட்டியலோ நிறுவனத்தின் சர்வரில் இருந்தது. 2001இல் நீதிமன்ற உத்தரவால் அந்தச் சேவை நின்றது. அதே ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற ஹரி பாலகிருஷ்ணன் உள்ளிட்ட ஐவர் வெளியிட்ட கார்டு (Chord) என்ற முறை, அந்தப் பட்டியலையே கணினிகளுக்குள் பங்கிட்டது. 1,024 கணினிகள் இருந்தாலும் ஒவ்வொன்றும் பத்துப் பேரின் முகவரியை அறிந்தால் போதும்; சராசரியாக ஐந்தே கைமாற்றங்களில் தேடியது கிடைத்துவிடும்.

இது அழகான தீர்வு. ஆனால் லாட் எண்ணை, அதாவது ஒரு துணித் தொகுதிக்கான எண்ணைச் சொன்னால் அந்த லாட்டை மட்டுமே தருகிறது. "இந்த வாரம் சாயப்பட்டறையிலிருந்து திரும்பிய லாட்டுகள் எவை?" என்று கேட்டால் அதற்கு விடை இல்லை, ஏனெனில் சுமையைச் சமமாகப் பரப்புவதற்காக எண்ணை வேறோர் எண்ணாக மாற்றி இடம் ஒதுக்கும் ஹாஷ் கணக்கீடு அடுத்தடுத்த எண்களை வேண்டுமென்றே சிதறடித்து வைக்கிறது. ஆகவே தேதிவாரியான அட்டவணை ஒன்றைத் தனியே கட்டி, அதையும் பங்கிட்டு வைக்க வேண்டும்.

இதைவிடக் கடினமானது உடன்பாடு. பவர் டேபிளில் ஒரு கட்டுக்கு இருபது உருப்படி தைத்ததாகப் பதிகிறார்கள். அதே நேரத்தில் செக்கிங்கில் இரண்டு கழிவு என்று பதிகிறார்கள். இடையில் மின்சாரம் போகிறது. அவரவர் தம் பதிவை மட்டும் எழுதி, பிறர் பதிவைத் திருத்தாதிருந்தால், எந்த வரிசையில் வந்து சேர்ந்தாலும் இருப்பு பதினெட்டு என்றே வரும். இதற்கு யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே துணி ரோலை இரண்டு கட்டிங் மேசைகள் கேட்கும்போது இது உதவாது. அந்தக் கணக்கின் படியை, அதாவது நகலை வைத்திருக்கும் ஐந்து கணினிகளில் குறைந்தது மூன்று ஒப்புக்கொண்ட பிறகே ரோல் நகர வேண்டும். எதற்கு உடன்பாடு தேவை, எதற்குத் தேவையில்லை என்று பிரிப்பதே இந்த வடிவமைப்பின் உயிர் என்று நான் கருதுகிறேன். எல்லாவற்றுக்கும் உடன்பாடு கேட்கும் வலை, ஒரு தெருவில் மின்சாரம் போனாலே திணறும்.

படிகளை எங்கே வைப்பது என்பதையும் ஊரை அறிந்தே முடிவு செய்ய வேண்டும். கணினிகள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே பழுதாகும் என்றே பல வடிவமைப்புகள் எண்ணுகின்றன. ஆனால் தீபாவளிக்குத் தொழிலாளர்கள் சொந்த ஊர் புறப்படும்போது பனியன் கம்பெனிகள் ஒன்றாகவே பூட்டப்படுகின்றன. ஐந்து படிகளும் அவற்றிலேயே இருந்தால் ஐந்தும் சேர்ந்தே அணைந்துவிடும். எனவே ஐந்தில் மூன்றையாவது அந்த நாட்களிலும் இயங்கும் வெளியூர்க் கணினிகளில் வைத்தாக வேண்டும்.