நகையை அடகு வைத்து நடத்தும் குடித்தனம்

வணக்கம் நேயர்களே. எடையைக் குறைக்க வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குச் சாப்பாட்டு ஆலோசனை சொல்வது என் வேலை. கொஞ்ச நாளைக்கு முன் பெரம்பூரிலிருந்து ஓர் அக்கா வந்தார். இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் செய்து இரண்டு வருடம், 38 கிலோ குறைந்திருந்தார். மஞ்சள் பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து நீட்டி, "பாருங்க மேடம், கால்சியம் நார்மல். அதான் மாத்திரையை நிறுத்திட்டேன்" என்றார்.

ரிப்போர்ட்டில் தப்பில்லை. ஆனால் பாராதைராய்டு ஹார்மோன் பரிசோதனை அதில் இல்லவே இல்லை. எடுத்துப் பார்த்தால், இருக்கவேண்டியதைப் போல இரண்டு மடங்கு.

ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் தசையும் தடுமாறும். அதனால் உடல் அதைக் குறைய விடாது. சாப்பாட்டில் வரவில்லையா, அந்த ஹார்மோன் எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்தில் விட்டுவிடும். பீரோவில் உள்ள நகையை ஒவ்வொன்றாக அடகு வைத்து மளிகை பாக்கியைக் கட்டுகிற குடும்பம் மாதிரி. கடைக்காரர் கணக்கு நோட்டில் பாக்கியே இருக்காது. பீரோவைத் திறந்தால்தான் தெரியும். ரத்தக் கால்சியத்தோடு வைட்டமின் டி-யும் இந்த ஹார்மோனும் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான். எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனும் எடுக்க டாக்டர் சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள்.

சாப்பாட்டில் ஏன் வருவதில்லை? பைபாஸில் இரைப்பை சுமார் 30 மில்லி பிடிக்கும் சின்னப் பையாகிவிடுகிறது. கால்சியமும் இரும்பும் அதிகமாக உறிஞ்சப்படும் சிறுகுடலின் முதல் பகுதி வழியாக உணவு போவதே இல்லை. ஸ்லீவ் என்கிற இன்னொரு வகை ஆபரேஷனில் குடலைத் தொடுவதில்லை, ஆனால் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் போய்விடுகிறது, அமிலமும் குறைகிறது. மலிவாகக் கிடைக்கும் கால்சியம் கார்பனேட் கரைய அமிலம் வேண்டும். சிட்ரேட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரு நாளைக்கு 1,200 முதல் 1,500 மில்லிகிராம் தேவை. ஒரே வேளையில் விழுங்கினால் உடல் ஏற்காது, 500 500-ஆகப் பிரித்துப் போட வேண்டும்.

"கேழ்வரகுக் கஞ்சி குடிக்கிறேனே, போதாதா?" என்று கேட்காதவர்கள் குறைவு. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு. ஒரு டம்ளர் கஞ்சிக்குப் போடுவதோ 20 கிராம் மாவு. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். குடியுங்கள், நல்லதுதான். மாத்திரையை விடாதீர்கள்.

நிறுத்துவதற்கு முன் எப்படிப் போட்டீர்கள் என்று அக்காவைக் கேட்டேன். காலையில் ஃபில்டர் காபியோடு தைராய்டு, இரும்பு, கால்சியம் மூன்றையும் ஒரே மடக்கில். சரி, இதைவிடப் பணத்தைக் கூவத்தில் போடலாம். கால்சியம் இரும்பைத் தடுக்கும், காபியும் தடுக்கும். இரும்புக்கும் கால்சியத்துக்கும் 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும், தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் 4 மணி நேரம். ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நேரம் எழுதிக் கொடுத்தேன்.

அப்புறம் வயிறு. கல்யாணப் பந்தியில் இலையில் முதலில் விழுவது இனிப்பு. பைபாஸ் செய்தவர் அதைச் சாப்பிட்டால் பத்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைந்து பேதி. அதில் தப்பித்தாலும், ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கும். முட்டை, மீன், பனீர், பருப்பு என்று புரதத்தில் ஆரம்பியுங்கள், நாளைக்கு 60 கிராமாவது சேர வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், அரை மணி நேரம் போகட்டும். தண்ணீரையே மறந்துவிட்டால் மலச்சிக்கல் வரும், இரும்பு மாத்திரை அதை இன்னும் கூட்டும்.

முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்றவை பைபாஸ் செய்தவருக்கு இரைப்பையும் குடலும் சேரும் தையல் இடத்தில் புண்ணை உண்டாக்கும். சிகரெட்டும் அதையே செய்யும். வாந்தி இரண்டு மூன்று நாள் நிற்காவிட்டால் வீட்டில் ரசம் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள், உடனே டாக்டரைப் பாருங்கள். வைட்டமின் பி1 குறைந்து நரம்பும் மூளையும் பாதிக்கப்படும்.

இந்த வானொலி நிலையத்துக்கு எதிரே மெரினாவில் விடிகாலையில் எத்தனை பேர் நடக்கிறார்கள்! எலும்புக்கு நடை நல்லது, படி ஏறுவது இன்னும் நல்லது. ஆனால் ஐந்தரை மணி வெளிச்சத்தில் வைட்டமின் டி கிடைக்காது. வெயில் ஏறிய பிறகுதான் தோல் அதைத் தயாரிக்கும். அதுவும் போதாதவர்களுக்கு, ரத்த அளவைப் பார்த்து டாக்டர் மாத்திரை தருவார்.

பெரம்பூர் அக்கா இப்போது லிஃப்டில் ஏறுவதில்லை. துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி, பத்தரை மணி வெயிலில் மொட்டை மாடியில் காயப்போடுகிறார். கறுத்துவிட்டேன் என்று என்னிடம்தான் சண்டை. நேரம் முடிந்ததென்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். வணக்கம்.