ஒரே ஜார், இரண்டு இடம்

நேயர்களுக்கு வணக்கம். கொடைக்கானல், பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் விடுதி முன்பதிவுக்கும் காபி, பூண்டு கொள்முதல் கணக்குக்கும் ஜாவா செயலிகளை ஓட்டும் டாம்கேட் சர்வரில் செயலி ஓட்டுகிறவர்கள் இருக்கிறீர்கள். வெளியிலிருந்து வாங்கிச் சேர்க்கும் ஜார் கோப்பை, அதாவது ஜாவா நிரல்களைக் கட்டிய தொகுப்பை, எங்கே வைப்பது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

டாம்கேட் ஒவ்வொரு செயலிக்கும் தனியாக ஒரு கிளாஸ்லோடர், அதாவது வகுப்புகள் எனப்படும் நிரல் துண்டுகளைத் தேடி ஏற்றும் பகுதி, வைத்திருக்கிறது. ஜாவாவின் அடிப்படை வகுப்புகள் போக மற்றவற்றை அது முதலில் செயலியின் வெப்-இன்ஃப் கிளாசஸ் அடைவில் தேடும். அடுத்து, செயலியின் ஜார்கள் இருக்கும் வெப்-இன்ஃப் லிப்பில். சர்வரின் பொது லிப் கடைசியில்தான். ஒரே ஜாரை இரண்டு லிப்பிலும் போட்டுவிட்டால், பெயர் ஒன்றாக இருந்தாலும் ஜாவாவுக்கு அவை வேறு வேறு வகுப்புகள். பொது லிப்பில் பிறந்த பொருளைச் செயலி வாங்கும்போது கிளாஸ்காஸ்ட் பிழை வரும். வகுப்பை அதே வகுப்பாக மாற்ற முடியவில்லை என்று செய்தி சொல்லும். பலரும் இங்கேதான் குழம்பிப்போகிறார்கள். ஜாவா 11-லும் அதற்குப் பிறகும் எந்த லோடர் என்பதும் அந்தச் செய்தியிலேயே இருக்கும். முழுவதும் படியுங்கள்.

தரவுத்தள இணைப்புக் குளத்தை, அதாவது தயாராகத் திறந்து வைத்த இணைப்புகளை, சர்வரே நடத்தினால், தரவுத்தளத்தோடு பேசும் டிரைவர் ஜார் பொது லிப்பில் மட்டும் இருக்கட்டும். வைத்த பிறகு சர்வரை நிறுத்தித் தொடங்க வேண்டும். செயலியை மட்டும் ரீலோட் செய்தால் போதாது.

ஜார்களைச் செயலிக்கு வெளியே தனி அடைவில் வைக்க விரும்பினால், டாம்கேட் 8 முதல் வழி உண்டு. செயலியின் அமைப்புகளைச் சொல்லும் கான்டெக்ஸ்ட் கோப்பில் ரிசோர்சஸ் பகுதிக்குள் போஸ்ட்ரிசோர்சஸ் எழுதி, அடைவின் முழுப் பாதையைக் கொடுத்து, அதை வெப்-இன்ஃப் லிப்பின் மேல் பொருத்துங்கள். ஒரே லிப்பில் ஒரு நூலகத்தின் இரு பதிப்புகள் சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எதை முதலில் எடுக்கும் என்று வரிசை கிடையாது. உங்கள் மடிக்கணினியில் ஓடியது சர்வரில் நோ-சச்-மெத்தட், அதாவது அழைத்த மெத்தட் இல்லை என்ற பிழையோடு விழலாம். டாம்கேட் 10-க்கு மாறுகிறவர்கள், ஜாவெக்ஸ் சர்வ்லெட் என்ற பழைய தொகுப்புப் பெயரை நம்பிய ஜார்களையும் ஜகார்த்தா என்ற புதுப் பெயரில் வரும் பதிப்புக்கு மாற்ற வேண்டும்.

மழைக்காலத்தில் மின்சாரம் போய் வரும்போது சர்வர் உடனே எழுந்துவிடும், இணைய இணைப்பு வர நேரமாகும். ஆகவே தொடங்கும்போது ஜாரை இணையத்திலிருந்து இறக்கும்படி வைக்காதீர்கள். பாதுகாப்புக்கும் அது கேடு: 2021 டிசம்பரில் வெளிப்பட்ட லாக்-ஃபோர்-ஜே என்ற பதிவு எழுதும் நூலகத்தின் ஓட்டையில், செயலியின் லாக் பதிவேட்டில் விழுந்த ஒரு வரியே வெளி முகவரியிலிருந்து நிரலை இழுத்து ஓட்ட வைத்தது. ஜார் உங்கள் வட்டிலேயே இருக்கட்டும். இறக்கியதும் கோப்பின் கைரேகை போன்ற அதன் ஷா-256 எண்ணை வெளியீட்டாளர் தந்த எண்ணோடு ஒப்பிட்டு, பிறகு லிப்பில் போடுங்கள்.