அலையில்லாத இடத்தில்தான் ஆபத்து: கோஸ்டா ரிக்கா செல்வோர் அறிய வேண்டியவை

[காட்சி: உயரத்திலிருந்து எடுத்த கடற்கரைப் படம். இரு பக்கமும் வெண்ணுரை. நடுவே கரும்பச்சை நிறத்தில் ஓர் இடைவெளி.]

வணக்கம் நண்பர்களே. இந்தப் படத்தை ஐந்து விநாடி உற்றுப் பாருங்கள். இடப்பக்கம் அலைகள் நுரைத்து உடைகின்றன, வலப்பக்கமும் அப்படியே. நடுவில் மட்டும், யாரோ வாசல் திறந்து விட்டாற்போல, தண்ணீர் கறுத்துத் தணிந்து கிடக்கிறது. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கடலில் கால் நனைக்க வேண்டுமென்றால் இதில் எந்த இடத்தில் இறங்குவீர்கள்?

நடுவில் என்று உங்கள் மனம் சொல்லியிருந்தால், இந்தக் கடற்கரையிலேயே மிக ஆபத்தான இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். மத்திய அமெரிக்காவுக்குப் பயணம் போகிறவர்கள் பாம்பு, முதலை, எரிமலை, வழிப்பறி என்று பலவற்றை நினைத்து அஞ்சுகிறார்கள். ஆனால் கோஸ்டா ரிக்காவில் வெளிநாட்டுப் பயணிகளின் விபத்து மரணங்களில் முன்வரிசையில் நிற்பது, அந்தப் படத்தின் நடுவில் அமைதியாகத் தெரிந்த தண்ணீர்தான். ஆகவே இந்தக் காணொளியின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

[காட்சி: உலக வரைபடம். மதுரையில் ஒரு புள்ளி, சான் ஹோசேயில் ஒரு புள்ளி, இரண்டையும் இணைக்கும் கிடைக்கோடு.]

நாட்டைப் பற்றி இரண்டே வரிகள்: வடக்கே நிகரகுவா, தெற்கே பனாமா, ஒரு பக்கம் பசிபிக், மறுபக்கம் கரீபியன் கடல், ஏறத்தாழ 50 லட்சம் மக்கள், 1948இல் ராணுவத்தைக் கலைத்துவிட்ட அரசு. ஆனால் இந்த வரைபடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தலைநகர் சான் ஹோசே, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9.93 பாகையில் இருக்கிறது. மதுரையும் அதே 9.93 பாகையில்தான் இருக்கிறது! மீனாட்சியம்மன் கோயிலிலிருந்து ஒரு கோட்டை நேர் மேற்காக இழுத்துக்கொண்டே போனால் அது சான் ஹோசே நகருக்குள் போய் நிற்கும். நம் தலைக்கு மேல் வரும் அதே சூரியன்தான் அங்கும் வருகிறது. ஒரே வேறுபாடு, சான் ஹோசே கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,170 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வெயில் உறைப்பதே தெரியாமல் காற்று குளுகுளுவென்று வீசும். அந்த உயரத்தில் புற ஊதாக் கதிர் கூடுதலாகத் தாக்குவதால், வியர்க்காமலேயே தோல் கருகிவிடும். தொப்பியும் குடிநீரும் மதுரை வெயிலுக்கு எப்படியோ, அப்படியே அங்கும் தேவை. மாலையில் ஆறு மணியை ஒட்டி மளமளவென்று இருட்டிவிடும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சாலையைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

இப்போது கடலுக்கு வருவோம்.

[காட்சி: கடற்கரையின் குறுக்குவெட்டு வரைபடம். மணல் திட்டு, அதன் நடுவே ஒரு பள்ளம்.]

தென்கோளத்தில் எங்கோ வீசும் புயல்கள் எழுப்பிய அலைகள், வழியில் தடுப்பதற்குப் பெரிய நிலப்பரப்பு ஏதும் இல்லாத பசிபிக்கில் பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்து, கோஸ்டா ரிக்காவின் மேற்குக் கரையில் மோதுகின்றன. கரைக்குச் சற்றுத் தள்ளி நீருக்கடியில் மணல் திட்டுகள் இருக்கின்றன. அலை அவற்றின் மேல் இடறித்தான் உடைகிறது. உடைந்த அலை கொண்டுவந்து கொட்டிய தண்ணீர் கரையோரம் தேங்கிக் கிடக்க முடியாது, கடலுக்குத் திரும்பியாக வேண்டும். திட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அங்கே எல்லாத் தண்ணீரும் கூடி, வாய்க்கால் போலக் கடலை நோக்கிப் பாய்கிறது. இதுதான் ரிப் கரண்ட் என்னும் இழுநீரோட்டம். பள்ளத்தில் ஆழம் அதிகம் என்பதால் அங்கே அலை உடைவதில்லை. அலை உடையாததால் நுரை இல்லை. நுரை இல்லாததால் நம் கண்ணுக்கு அது அமைதியாகத் தெரிகிறது. எந்தக் காரணத்தால் அந்த இடம் கொல்கிறதோ, அதே காரணத்தால்தான் அது நம்மை அழைக்கவும் செய்கிறது. இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து எந்தக் கடற்கரைப் படத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் அந்த இடைவெளியைத்தான் தேடுகிறது.

அதன் வேகத்தைப் பாருங்கள். சாதாரண நாளில் விநாடிக்கு அரை மீட்டர் அளவில் ஓடும் இது, கடல் கொந்தளிக்கும் நாளில் விநாடிக்கு 2.4 மீட்டர் வரைகூட எட்டுகிறது. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் சீன வீரர் பான் சான்லே 100 மீட்டர் தூரத்தை 46.40 விநாடியில் நீந்தி உலக சாதனை படைத்தார். அவருடைய சராசரி வேகம் விநாடிக்கு 2.16 மீட்டர்தான். உலகத்திலேயே வேகமான நீச்சல்காரர் தம் முழு பலத்தையும் போட்டுக் கரையை நோக்கி நீந்தினாலும் பின்னோக்கித்தான் போவார் என்றால், ஊர்க் கிணற்றில் நீச்சல் கற்ற நாம் அதை எதிர்த்து என்ன செய்ய முடியும்?

எதிர்க்கக் கூடாது என்பதுதான் விடை. ரிப் கரண்ட் ஒருவரையும் கடலுக்கு அடியில் இழுப்பதில்லை. அது மேற்பரப்பிலேயே வெளிநோக்கிக் கொண்டுபோகிறது. அலை உடையும் வரிசையைத் தாண்டியதும் பெரும்பாலும் வலுவிழந்து விரிந்துவிடுகிறது. உயிர் போவது, கரை விலகுவதைக் கண்டு பதறி, நேரே கரையை நோக்கி நீந்தி நீந்திக் களைத்துப் போவதால்தான். எனவே முதல் வேலை, மல்லாந்து மிதப்பது. மூச்சைச் சீராக்கிக்கொண்டு ஒரு கையை உயர்த்தி உதவி கேட்பது. இழுப்பு தளர்ந்ததும் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, வெண்ணுரை தெரியும் பக்கம் வந்து, அங்கே உடையும் அலைகளோடு கரை சேருவது. கடல் ஆய்வாளர்கள் ஜிபிஎஸ் பொருத்திய மிதவைகளை இந்த நீரோட்டங்களில் விட்டுப் பார்த்தபோது, பெரும்பாலான மிதவைகள் ஒரு வட்டம் அடித்துத் தாமாகவே அலைப்பகுதிக்குத் திரும்பின. எல்லா இடத்திலும் அப்படி நடக்கும் என்று நம்பியிருக்க முடியாதுதான். ஆனாலும் ஒன்றும் செய்யாமல் மிதப்பவருக்குக்கூட வாய்ப்பு இருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதலாகத் தோன்றியது.

[காட்சி: கரையில் மேடான இடத்தில் நின்று ஒருவர் கடலைப் பார்க்கிறார்.]

அங்கே போனதும் உடனே தண்ணீரில் இறங்கிவிடாதீர்கள். மேடான ஓர் இடத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். அலை வரிசையில் எந்த இடத்தில் மட்டும் இடைவெளி நீடிக்கிறது, எங்கே தண்ணீர் மணல் கலங்கிப் பழுப்பாக வெளியே ஓடுகிறது, நுரைத் துணுக்கும் பாசியும் எந்த வழியாகக் கடலை நோக்கி நகர்கின்றன என்று கவனியுங்கள். பசிபிக் பக்கம் டொமினிக்கல், ஹாக்கோ, மானுவல் அந்தோனியோ, கரீபியன் பக்கம் கோக்லஸ் ஆகிய கடற்கரைகள் இந்த இழுப்புக்குப் பேர்போனவை. உயிர்காப்பாளர் இருக்கும் கடற்கரைகள் அந்நாட்டில் மிகச் சிலவே. செங்கொடி பறந்தால் இறங்கக் கூடாது. கொடியே இல்லாவிட்டால் அதைப் பாதுகாப்பின் அடையாளமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிள்ளை இழுத்துச் செல்லப்படுவதைப் பார்த்த தகப்பன் பின்னாலேயே குதிப்பதும், பிள்ளை எப்படியோ மிதந்து தப்பிவிட, குதித்தவர் மூழ்கிப்போவதும் உலகெங்கும் கடற்கரைகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. வெறுங்கையோடு குதிக்காதீர்கள். மூடிய ஐஸ் பெட்டி, காலித் தண்ணீர் கேன், அலைச்சறுக்குப் பலகை என்று மிதக்கும் எதையாவது அவரிடம் எறியுங்கள், 911க்கு அழையுங்கள். இந்தப் பகுதியை மட்டுமாவது வெட்டி எடுத்து உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிருங்கள் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆறும் அருவியும் இதே பாடத்தைத்தான் வேறு விதமாகச் சொல்கின்றன. மே முதல் நவம்பர் வரையிலான மழைக்காலத்தில், நீங்கள் குளிக்கும் இடத்தில் வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே, மலை மேலே பெய்த மழை ஒரு சுவர் போலத் திரண்டு ஆற்றில் இறங்கும். அந்நாட்டு மக்கள் இதைக் 'கபேசா தே அகுவா', அதாவது தண்ணீரின் தலை, என்று அழைக்கிறார்கள். 2018 அக்டோபரில், மழையால் பெருகியிருந்த நரான்ஹோ ஆற்றில் ரப்பர் படகுகள் கவிழ்ந்து நான்கு அமெரிக்கப் பயணிகளும் ஒரு வழிகாட்டியும் உயிரிழந்தார்கள். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் குச்சியும் மிதந்து வந்தாலோ, உடமைகளைப் பொறுக்கிக்கொண்டு நிற்காமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.

[காட்சி: காய்ந்த இலைச் சருகுகள். சில விநாடி கழித்து அதில் ஒரு பாம்பின் உருவம் கோடிட்டுக் காட்டப்படுகிறது.]

இனி, எல்லோரும் அஞ்சும் பாம்பு. 'தெர்சியோபெலோ' என்றால் ஸ்பானிய மொழியில் வெல்வெட் என்று பொருள். இரண்டு மீட்டருக்கு மேல் வளரக்கூடிய இந்தக் குழிவிரியன் சருகில் சுருண்டு கிடந்தால் சருகும் அதுவும் ஒன்றாகவே தெரியும், இரவில் நடமாடும். கோஸ்டா ரிக்காவில் ஆண்டுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் பாம்புக்கடிக்கு ஆளாகிறார்கள். ஆயினும் இறப்பவர்கள் ஒரு கைவிரலில் எண்ணும் அளவே. இதற்குப் பின்னால் ஒரு பெரிய உழைப்பு இருக்கிறது. கிளோதொமீரோ பிகாதோ என்னும் அறிவியலாளர் 1931லேயே அந்நாட்டு நச்சுப் பாம்புகளைப் பற்றி நூல் எழுதினார். அவர் பெயரில் 1970இல் தொடங்கப்பட்டு, இன்று கோஸ்டா ரிக்கா பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் ஆய்வு நிறுவனம், குதிரைகளுக்குச் சிறுகச் சிறுக நஞ்சைச் செலுத்தி, அவற்றின் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்து நச்சுமுறி மருந்து தயாரித்து, நாடெங்கும் உள்ள அரசு மருத்துவமனைகளுக்கு வழங்குகிறது. நைஜீரியாவின் விரியன்களுக்குக்கூட இங்கிருந்து மருந்து போகிறது. ஒரு சிறிய நாட்டின் பொதுப் பல்கலைக்கழகம் இதைச் செய்வது என்னை உண்மையிலேயே நெகிழ வைக்கிறது.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் நம் ஊரில் போடும் மருந்து இந்தப் பாம்பிடம் பலிக்காது; அந்தந்த நிலத்தின் நஞ்சுக்கு அந்தந்த நிலத்தின் மருந்துதான். ஆகவே கடிபட்டால் செய்ய வேண்டியது, கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, விரைவாக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவதுதான். கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும், கீறுவதும், வாய் வைத்து உறிஞ்சுவதும் கேட்டையே கூட்டும். கொலுசு, மெட்டி, மோதிரம் ஆகியவற்றை வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். மழைக்காட்டு விடுதிகள் பலவற்றில் ரப்பர் பூட்ஸ் இரவல் தருவார்கள். வெட்கப்படாமல் கேட்டு அணியுங்கள். இரவில் கழிவறைக்குப் போகும் பத்தடிக்கும் டார்ச் வேண்டும்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். டெங்கு அங்கும் உண்டு; பகலில் கடிக்கும் கொசுதான் பரப்புகிறது; காய்ச்சல் வந்தால் ஆஸ்பிரினையும் இபுபுரூஃபனையும் தொடாமல் பாராசிட்டமால் மட்டும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். வட எல்லையிலும் லிமோன் மாகாணத்திலும் மலேரியா இருப்பதால், அங்கே போவதாக இருந்தால் புறப்படும் முன்பே மருத்துவரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். குழாய்த் தண்ணீர் பெரும்பாலான ஊர்களில் குடிக்கத் தக்கது; தொலைவான கிராமங்களில் கேட்டுவிட்டுக் குடியுங்கள். 2019இல் மெத்தனால் கலந்த மதுவால் அங்கே இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலிவு என்று முத்திரை தெரியாத புட்டியை வாங்க வேண்டாம். கடற்கரையில் சிறு பச்சை ஆப்பிள் போலக் காய்க்கும் மன்சனியோ மரத்தடியில் மழைக்கு ஒதுங்கினால், இலை வழியே சொட்டும் நீரே தோலைக் கொப்பளிக்க வைக்கும்; அந்தக் காயைக் குழந்தைகள் கையில் எடுக்க விடாதீர்கள். பொவாஸ் எரிமலை வாயில் வளிமம் காரணமாக இருபது நிமிடத்துக்கு மேல் நிற்க விடமாட்டார்கள், பூங்காவும் அவ்வப்போது மூடப்படும், ஆஸ்துமா உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.

திருட்டைப் பொறுத்தவரை, போதைப்பொருள் கும்பல்களின் மோதலால் 2023இல் அந்நாடு 900க்கும் மேற்பட்ட கொலைகளைக் கண்டது உண்மையே; பயணிக்கு நேர்வது பெரும்பாலும் வாடகைக் காரின் கண்ணாடி உடைபட்டுப் பை காணாமல் போவதுதான். தார்கோலஸ் பாலத்தின் கீழே முதலைகளைப் பார்க்கக் காரை நிறுத்தும்போது, கடவுச்சீட்டைக் காரில் விட்டுவிட்டு இறங்காதீர்கள். ஆறு மணிக்கு இருட்டிவிடும் என்றேன் அல்லவா? மலைச் சாலைகளில் விளக்கு இல்லை, குழிகள் உண்டு, சில இடங்களில் பாலமே இல்லாமல் ஆற்றுக்குள் இறங்கிக் கடக்க வேண்டும். ஐந்து மணிக்குள் விடுதியில் இருக்குமாறு நாளைத் திட்டமிடுங்கள்.

[காட்சி: மஞ்சள் நிறத் தடுப்பூசிச் சான்றிதழ் அட்டை.]

கடைசியாக, இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு செய்தி. பலர் கோஸ்டா ரிக்காவோடு பனாமாவையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வர நினைக்கிறார்கள். பனாமா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடாக இந்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. அங்கே தங்கிவிட்டுத் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தப்படலாம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் இந்த ஊசி போடுகிறார்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும் என்பதால், விமானச் சீட்டு எடுத்த வாரத்திலேயே அதற்கு முன்பதிவு செய்துவிடுங்கள்.

டொமினிக்கல் பக்கம் போய்வந்தவர்கள் இருந்தால், எந்த மாதம் போனீர்கள், கடல் எப்படி இருந்தது, கரையில் கொடி இருந்ததா என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அடுத்து அங்கே போகும் குடும்பம் அதைப் படித்துவிட்டுப் போகட்டும்.