லண்டன் சுரங்க ரயில் வரைபடம் ஓர் அழகான பொய்: டிசைனர்கள் யோசனையை எங்கே தேட வேண்டும்?

[திரையில்: இன்றைய லண்டன் சுரங்க ரயில் வரைபடம்]

வணக்கம். திரையில் தெரியும் இந்த வரைபடத்தை நம்பி லண்டனில் தூரத்தைக் கணக்கிட்டால் நிச்சயம் ஏமாந்துபோவீர்கள். நகரின் மையத்தில் இருக்கும் கோவென்ட் கார்டன், லெஸ்டர் ஸ்கொயர் ஆகிய இரு நிலையங்களுக்கு இடையே உள்ள தூரம் சுமார் 260 மீட்டர்தான். கீழே இறங்கி ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் நடந்தே போய்ச் சேர்ந்துவிடலாம். வடமேற்கு ஓரத்தில் உள்ள செஷாம் நிலையத்துக்கும் அதற்கு அடுத்த நிலையத்துக்கும் இடையிலோ சுமார் 6 கிலோமீட்டர். படத்தைப் பார்த்து இந்த வித்தியாசத்தை யாராலும் ஊகிக்க முடியாது. இத்தனை பெரிய பொய்யைச் சொல்லும் படம் உலகின் பல ரயில் வரைபடங்களுக்கு எப்படி முன்மாதிரியானது, அதை வரைந்தவருக்கு அந்த யோசனை எங்கிருந்து கிடைத்தது என்பதையே இன்று பார்க்கப்போகிறோம். புதிய வேலை கைக்கு வந்ததும் பின்டரஸ்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு 'ஐடியாவே வரவில்லை' என்று புலம்பும் ஒவ்வொருவருக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

முன்கதையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 1930 வாக்கில் லண்டன் சுரங்க ரயிலின் வரைபடம் ஊரின் உண்மையான அமைப்பை ஒட்டியே வரையப்பட்டதால், மையத்தில் நிலையங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. புறநகர்ப் பகுதி வெறிச்சோடிக் கிடந்தது.

இப்போது நம் நாயகர் வருகிறார். ஹாரி பெக் என்பவர் ஓவியரும் அல்லர், நிலவரைபட வல்லுநரும் அல்லர். அதே ரயில் நிறுவனத்தின் சிக்னல் பிரிவில் வேலை பார்த்த டிராஃப்ட்ஸ்மேன். மின்சுற்றுப் படங்களோடு அன்றாடம் புழங்கியவர். 1931இல் ஒரு நோட்டுப் புத்தகத்தின் கட்டம் போட்ட தாளில், பென்சிலாலும் வண்ண மையாலும் அவர் வரைந்த முதல் வடிவம் இன்று லண்டனின் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

[திரையில்: மின்சுற்றுப் படமும் பெக்கின் வரைபடமும் அருகருகே]

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகவே போகிறேன். மின்சுற்றுப் படத்தில் ஒரு கம்பி இரண்டு அங்குலக் கோடாக வரையப்பட்டிருந்தால், உண்மையான கம்பியும் இரண்டு அங்குலம்தான் என்று எந்த எலக்ட்ரீஷியனும் நினைப்பதில்லை. அவர் பார்ப்பது எதனோடு எது இணைந்திருக்கிறது என்பதை மட்டும்தான். பூமிக்கு அடியில், ஜன்னலுக்கு வெளியே இருட்டைத் தவிர வேறொன்றும் தெரியாமல் பயணம் செய்பவருக்கும் அதே கேள்விதானே இருக்கிறது? எந்தப் பாதையில் ஏற வேண்டும், எங்கே மாற வேண்டும், எத்தனையாவது நிலையத்தில் இறங்க வேண்டும். ஆகவே பெக் தூரத்தைத் தூக்கி எறிந்தார். பாதைகளைப் படுக்கையாகவும் செங்குத்தாகவும் 45 பாகைச் சாய்விலும் மட்டும் செல்ல விட்டார். மையத்தை விரித்து, புறநகரைச் சுருக்கினார். தரைக்கு மேல் உள்ளவற்றில் அவர் விட்டுவைத்தது தேம்ஸ் நதியை மட்டும்தான், அதுவும்கூட அவர் போட்ட கோணத்துக்குக் கட்டுப்பட்டு வளைந்துதான் ஓடியது!

விளம்பரப் பிரிவு முதலில் இதை நிராகரித்தது. பிறகு 1932இல் 500 பிரதிகளை மட்டும் சோதனைக்கு விட்டார்கள். வரவேற்பைப் பார்த்து, 1933 ஜனவரியில் 7,00,000 பிரதிகள் அச்சாயின. ஒரே மாதத்தில் மறுபடியும் அச்சிட வேண்டியதாயிற்று. பெக் இதோடு விடவில்லை. அதே ஆண்டு ஊழியர் பத்திரிகையில், நிலையங்களின் இடத்தில் மின்சாரச் சமாச்சாரங்களைப் போட்டுத் தன் வரைபடத்தையே கேலி செய்தார். அதில் 'பேக்கர்லூ' பாதை, சுவிட்சு செய்யும் பேக்கலைட்டை நினைவூட்டும்படி 'பேக்கர்லைட்' ஆகிவிட்டது. இந்த மனிதரோடு ஒரு டீ குடித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது அந்தப் படத்தைப் பார்த்தபோதுதான்.

பெக் கடன் வாங்கியது மின்சுற்றின் தோற்றத்தை அன்று, அது பதில் சொல்லும் கேள்வியை என்பதே என் கருத்து. இதை நான் அடித்துச் சொல்லக் காரணம் நியூயார்க். அங்கே 1972இல் மாசிமோ விக்னெல்லியின் வடிவமைப்பில் இதே பாணியில் ஒரு சுரங்க ரயில் வரைபடம் வந்தது. பார்வைக்கு அவ்வளவு அழகு. ஆனால் மன்ஹாட்டன்வாசிகளுக்கோ எண்ணிட்ட தெருக்கள் மனப்பாடம். தரைக்கு மேல் எந்தத் தெருவில் இருக்கிறோம் என்பதும் அவர்களின் கேள்விதான், அதற்கு அந்தப் படம் பதில் சொல்லவில்லை. நீண்டு கிடக்கும் சென்ட்ரல் பார்க் கிட்டத்தட்டச் சதுரமாக, அதுவும் சாம்பல் நிறத்தில் இருந்ததையும், எட்டாவது அவென்யூவுக்குக் கிழக்கே இருக்க வேண்டிய பிராட்வே 50ஆம் தெரு நிலையம் மேற்கே போயிருந்ததையும் அவர்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 1979இல் அதை எடுத்துவிட்டு, ஊரை ஒட்டிய வரைபடத்தை வைத்தார்கள். 2025இல் அந்த ஊர்ப் போக்குவரத்து நிர்வாகம் விக்னெல்லியின் பாணியைத் தழுவிய படத்துக்கே திரும்பியிருக்கிறது என்பது தனிக் கதை. அதற்கு ஒரு வீடியோ வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

[திரையில்: தென்னிந்திய ராசிக் கட்டம்]

ஆகவே அடுத்த முறை வேலை வரும்போது, அதே மாதிரியான வேலைகளைத் தேடிப் பார்ப்பதற்கு முன்பு, பார்ப்பவரின் கேள்வி என்ன, அதே கேள்வி வேறு எந்தத் தொழிலில் எழுகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு கடையின் பன்னிரண்டு மாத விற்பனையை ஒரே பார்வையில் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் ஜாதகத்தில் மேஷமும் ரிஷபமும் என்றைக்கும் இடம் மாறுவதில்லை. லக்கினமும் கிரகங்களும்தான் ஜாதகத்துக்கு ஜாதகம் மாறுகின்றன. அதனால்தான் ராசியின் பெயரே எழுதாத கட்டத்தைக்கூட ஜோதிடர் தடுமாறாமல் படிக்கிறார். ஜோதிடத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் ஜனவரிக்கு என்றும் ஒரே மூலையை ஒதுக்கும் அந்த உத்தியை நான் தயங்காமல் எடுத்துக்கொள்வேன்.

தையல்கடை ரசீதையும் பாருங்கள்: துணியின் நிறத்தை எழுதி விவரிக்காமல், அந்தத் துணியிலிருந்தே ஒரு துண்டை வெட்டிப் பின் அடித்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் மேஸ்திரியோ நர்ஸோ லாரி ஓட்டுநரோ இருந்தால், அவர்கள் வேலைக்காகத் தமக்குத் தாமே கிறுக்கி வைக்கும் தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி, அது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று கமென்டில் எழுதுங்கள். சிறந்த மூன்றை எடுத்து, அடுத்த வீடியோவில் அவற்றிலிருந்து ஒரு செயலியின் முகப்பை வடிவமைத்துக் காட்டுகிறேன்.