நடுக்கடலில் பால் பொங்க வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. மதராஸிலிருந்து நம் முன்னோரை நேட்டாலுக்கு ஏற்றிவந்த முதல் கப்பல் அது. அந்த ஆண்டு ஐப்பசி அமாவாசை நவம்பர் 13-ஐ ஒட்டி வந்தது. கணக்குப் பார்த்தால், அந்த வருஷத் தீபாவளி அவர்களுக்குக் கரை தெரிவதற்கு முன்பே கடலில் வந்து போயிருக்கிறது. ஒப்பந்தக் கூலிகளாக வந்த அந்த மக்களின் வழிவந்தவர்கள் இன்று அதே துறைமுகத்தில், நெல்சன் மண்டேலா பயணிகள் முனையத்தில், நண்பர்களோடு கூடி உல்லாசக் கப்பல் ஏறுகிறார்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தப் பயணங்களின் பருவம். தைப்பொங்கல் அதன் நடுவில் வருகிறது.

டர்பனிலிருந்து ரீயூனியன், மொரீஷியஸ் பக்கம் போகும் இரண்டு வாரப் பயணத்தில், முப்பது நாற்பது நண்பர்கள் சேர்ந்து கப்பலிலேயே பொங்கல் கொண்டாடுவது எப்படி என்று இன்று பேசுகிறேன். மொரீஷியஸின் போர்ட் லூயிஸ் துறைமுகம் சுமார் 1,600 கடல் மைல் தூரம். 17 நாட், அதாவது மணிக்கு 17 கடல் மைல் வேகத்தில் போனால் ஏறத்தாழ நான்கு நாள் தண்ணீரைத் தவிர வேறொன்றும் தெரியாது. அந்த நான்கு நாளுக்குள் பொங்கல் வந்துவிட்டால், எதை விடலாம், எதை விடக்கூடாது என்று கிளம்பும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். கரும்பை விடலாம், மாவிலையை விடலாம், மண்பானையைக்கூட விடலாம். சூரியன் எழும் நேரத்தில் பால் பொங்கி வழிய வேண்டும். அதை மட்டும் விடக்கூடாது. மற்ற ஏற்பாடெல்லாம் அதைக் காப்பாற்றத்தான்.

பெரிய தடை நெருப்பு. கடலில் தீப்பிடித்தால் அணைக்கக் கரையிலிருந்து வண்டி வராது; கப்பல் ஊழியர்களேதான் அணைக்க வேண்டும். அதனால் பயணிகள் கையில் நெருப்போ, சூடேற்றும் சாதனமோ இருக்கவே கூடாது என்பது பயணக் கப்பல்களின் பொது விதி. மெழுகுவர்த்தி, ஊதுவத்தி, சாம்பிராணி, கற்பூரம், மத்தாப்பு எல்லாம் இதில் அடக்கம். கொளுத்தாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் எடுத்துக்கொள்வார்கள். மின்சாரக் கெட்டில், ரைஸ் குக்கர், தண்ணீர் காயவைக்கும் சுருள், இஸ்திரிப் பெட்டி ஆகியவையும் முனையத்து ஸ்கேனரிலேயே நின்றுவிடும். சமையலுக்கான பச்சைக் கற்பூரத்தையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அது சாப்பிடும் பொருள் என்று அந்த வரிசையில் நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. மத்தாப்பு விஷயத்தில் இன்னொரு காரணமும் உண்டு. கடலில் திடீரென்று எழும் செந்நிற வெளிச்சம் ஆபத்துக்கான அழைப்பு. தூரத்தில் போகும் இன்னொரு கப்பல் அதை அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். பேட்டரியில் எரியும் சின்ன அகல்களைப் பெரும்பாலான கப்பல்களில் அனுமதிக்கிறார்கள். சாமி படத்துக்கு முன்னால் அவை போதும்.

அப்படியானால் பால் எங்கே பொங்கும்? கப்பலிலேயே அதற்குத் தோதான இடம் இருக்கிறது. மேல் தளத்து பஃபே சாப்பாட்டுக் கூடத்தில், காலையில் ஆம்லெட் போட்டுத் தரும் மேடை. அங்கே மின்சார அடுப்பு இருக்கும், மேலே புகைபோக்கி இருக்கும், சுற்றிலும் கண்ணாடிச் சன்னல் இருக்கும், சமையல்காரர் ஒருவர் பொறுப்பில் இருப்பார். காலை உணவுக்குத் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு அந்த மேடையை அரை மணி நேரத்துக்குக் கேட்டுப் பாருங்கள். அறைக்குள்ளோ வேறொரு மண்டபத்திலோ அடுப்பு வைக்கக் கேட்பதைவிட இதற்கு இசைவு கிடைப்பது எளிது. நீராவி பட்டாலே அலறும் புகை உணரிகள் மற்ற இடங்களில் கூரை முழுவதும் இருக்கின்றன.

இதைக் கேட்க வேண்டிய காலம் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பு. குழுவாகப் பதிவு செய்தால் குழுக்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கும். உங்களில் ஒருவர் மட்டும் அவர்களோடு எழுத்து மூலம் பேச வேண்டும். ஐந்து பேர் ஐந்து விதமாகக் கேட்டால் காரியம் கெட்டுவிடும். ஒரு பக்கக் கடிதம் போதும்: எத்தனை பேர், எந்த நாள், கப்பல் நேரப்படி எத்தனை மணி, கப்பல் என்ன தர வேண்டும், நீங்கள் என்ன கொண்டுவருவீர்கள். செய்முறையைக் கிராமிலும் லிட்டரிலும் எழுதுங்கள். டம்ளர், ஆழாக்கு, கைப்பிடிக் கணக்கு அந்தச் சமையலறையில் செல்லாது. கப்பலேறிய முதல் நாளே அந்தக் கடிதத்தின் நகலோடு விருந்தினர் சேவை மேசைக்குப் போய், தலைமைச் சமையல்காரரைப் பத்து நிமிஷம் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அலுவலகம் ஒப்புக்கொண்ட செய்தி சமையலறைக்குப் போய்ச் சேராமல் போவதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு.

பாத்திரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கப்பல் அடுப்பு பெரும்பாலும் இண்டக்‌ஷன் வகை. மண்பானை, பித்தளை, செம்பு, வெண்கலம் எதுவும் அதில் சூடாகாது. பாட்டி காலத்து வெண்கலப் பானையைத் தூக்கிக்கொண்டு போனால் அது அழகுக்கு மட்டும்தான். குளிர்ப்பெட்டியில் ஒட்டும் காந்தம் ஒன்றை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் வையுங்கள். கெட்டியாக ஒட்டினால் அந்தப் பாத்திரம் ஆகும். இரண்டு லிட்டர் கொள்ளும், அடி கனமான, வாய் கொஞ்சம் குறுகிய எவர்சில்வர் பானை சரியாக இருக்கும். கழுத்தில் மஞ்சள் கிழங்கு கட்ட வேண்டுமானால், கடையில் முத்திரையிட்ட பொட்டலமாக விற்கும் காய்ந்த விரலி மஞ்சளைக் கட்டுங்கள்.

பானையில் ஒன்றேகால் லிட்டர் கொழுப்பு நீக்காத பாலும், அரை டம்ளர், அதாவது 100 மில்லி தண்ணீரும் ஊற்றினால் மூன்றில் இரண்டு பங்கு நிற்கும். பாதிப் பானை பால் வைத்தால் நுரை விளிம்புக்கு வருமுன் இறங்கிவிடும். முதல் ஏழெட்டு நிமிஷம் நடுத்தரச் சூடு, ஓரத்தில் குமிழி கட்டியதும் முழுச் சூடு. விறகடுப்புக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இண்டக்‌ஷனை நிறுத்திய கணமே சூடு வருவது நின்றுவிடும். எழுந்த நுரை அப்படியே அமர்ந்துவிடும். பதறி முன்கூட்டியே நிறுத்தினால் பால் வழியாது. நுரை விளிம்பைத் தாண்டி ஒரு பக்கமாக இறங்கிய பிறகே நிறுத்த வேண்டும். வழிந்த பால் தொடு பொத்தான்களின் மேல் பட்டால் அடுப்பு தானே அணைந்து கூவும். அதனால் பொத்தான் இருக்கும் பக்கம் மடித்த ஈரத்துணி ஒன்றை அணையாக வைத்துவிடுங்கள். பால் வழிந்ததும் "பொங்கலோ பொங்கல்!" என்று குரல் கொடுங்கள். அந்த மேடைக்கு நேர் கீழே பயணிகள் தூங்கும் அறைகள் இருக்கின்றனவா என்று தள வரைபடத்தில் முன்பே பார்த்து வைத்தால், நாற்பது பேரும் மனம் நிறையக் கத்தலாம். பிறகு மூத்தவர்கள் மூன்று பேர் ஆளுக்கொரு கை அரிசி போட, அந்தப் பால் அப்படியே சமையலறைக்குப் போய்ப் பெரிய பொங்கலோடு சேர வேண்டும்.

அந்தப் பெரிய பொங்கலுக்கு, ஆளுக்கு 150 கிராம் வீதம் நாற்பது பேருக்கு ஆறு கிலோ வேண்டும். அரிசி 800 கிராம், வறுத்த பாசிப்பருப்பு 200 கிராம், பானைப் பாலையும் சேர்த்து நீர் நாலரை லிட்டர், வெல்லம் 1,200 கிராம், நெய் 300, முந்திரி 100, திராட்சை 75, ஏலப்பொடி 8 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. அரிசியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். நம் வீடுகளைப் போலவே கப்பலிலும் அன்றாடம் வேகும் அரிசி நீளமான புழுங்கல் ரகம் அல்லது பாஸ்மதி. எவ்வளவு வெந்தாலும் தனித்தனியாக நிற்கும், குழையாது. இத்தாலிய ரிசோட்டோவுக்கும் ஜப்பானிய சூஷிக்கும் வைத்திருக்கும் குட்டையரிசியைக் கேளுங்கள். அது பச்சரிசி போலவே குழையும். வெல்லம் கப்பலில் இருக்காது. பயணிகள் கொண்டுவரும் பொருளைச் சமையலறைக்குள் ஏற்காத கப்பல்களும் உண்டு; கடிதத்திலேயே வெல்லத்தை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் நம் கடைகளில் ட்ரீக்கிள் சுகர் என்று விற்கும் கருஞ்சர்க்கரை ஒரு கிலோ போதும்.

அரிசியும் பருப்பும் விரலில் நசுங்கும் வரை வெந்த பிறகுதான் வெல்லப்பாகு சேர வேண்டும். முன்பே சேர்த்தால் அரிசி அதற்குமேல் வேகாமல் விறைத்துவிடும். பாகை வடிகட்டி, கொஞ்சம் ஆறவிட்டு, அடுப்பை நிறுத்திவிட்டு ஊற்றுங்கள்; கொதிக்கும் பாலில் சுடச்சுட ஊற்றினால் திரியலாம். பெரிய சமையலறையில் வேகவைப்பது சுற்றுச்சுவர் முழுவதும் நீராவி ஓடும் அண்டாவில். நிறுத்திய பிறகும் வெகுநேரம் சூடு தங்கும், அடி மட்டுமல்லாமல் பக்கமும் பிடிக்கும். பொங்கலை உடனே வேறு தட்டுக்கு மாற்றிவிடும்படி சொல்லுங்கள். பரிமாறும் வரை 60 டிகிரிக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டும். பிரசாதத்தைக் கையால் எடுத்துக் கையில் கொடுப்பது கப்பலில் வேண்டவே வேண்டாம். வயிற்றுப்போக்கு நோய் ஒன்று நுழைந்தால் அத்தனை தளங்களுக்கும் பரவும். கரண்டியால் சின்னக் காகிதக் கிண்ணங்களில் போடுங்கள். முந்திரி சேர்ந்திருக்கிறது என்று எழுதி வையுங்கள்.

இப்போது நேரக் கணக்கு. தென்னாப்பிரிக்காவுக்கும் மொரீஷியஸுக்கும் இரண்டு மணி நேர வித்தியாசம். கப்பல் அதை ஒரே நாளில் மாற்றாமல், இரவுக்கு ஒரு மணி வீதம் கடிகாரத்தை முன்னே தள்ளும். ஜனவரி நடுவில் டர்பனில் ஐந்து மணி கடந்து சில நிமிஷத்தில் சூரியன் உதிக்கிறது. மடகாஸ்கரின் தெற்கே போகும்போது, டர்பன் நேரத்தையே வைத்திருந்தால் உதயம் சுமார் நாலு இருபது. ஒரு மணி தள்ளியிருந்தால் ஐந்து இருபது. கைப்பேசி தானாக நேரம் மாற்றிக்கொள்ளும் என்று நம்பி இருந்தவர்கள் சூரியன் ஏறிய பிறகு வந்து நிற்பார்கள். தானியங்கி நேரத்தை நிறுத்திவிட்டு, முந்தின இரவு அறைக்கு வரும் கப்பலின் நிகழ்ச்சித் தாளைப் பார்த்துக் கையால் மாற்றுங்கள். பஞ்சாங்கத்தில் சென்னை நேரம் போட்டிருந்தால் டர்பன் நேரத்துக்கு மூன்றரை மணியும், மொரீஷியஸ் நேரத்துக்கு ஒன்றரை மணியும் கழிக்க வேண்டும். தை முதல் நாள் 14-ஆ, 15-ஆ என்பதையும் கடிதம் எழுதும் முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பக்கம் நிற்பது? அந்த மாதத்தில் சூரியன் நேர் கிழக்கில் எழுவதில்லை. கிழக்கிலிருந்து தெற்கே 24 பாகை விலகி எழுகிறது. கப்பல் வடகிழக்காக, கிழக்கை ஒட்டிப் போகும். ஆகவே போகும்போது உதயம் வலப்புறம், முன்பக்கமாகத் தெரியும். திரும்பும்போது இடப்புறம், பின்பக்கம். பால்கனி அறை எடுப்பவர்கள் பதிவு செய்யும்போதே இதைப் பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்றும் கவனியுங்கள். பொங்கலன்று ரீயூனியன், மொரீஷியஸ் அருகே இருந்தால் நண்பகலில் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். உங்கள் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். தமிழ்நாட்டில் தை மாதத்து நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். இங்கே அவர் தலைக்கு மேலேயே வந்து நிற்கிறார். அதை நண்பர்களோடு மேல்தளத்தில் நின்று பாருங்கள்.

கடல் எப்போதும் ஒத்துழைக்காது. டர்பனை விட்டதும் தென்மேற்காக ஓடும் அகுல்யாஸ் நீரோட்டத்தைக் கடக்க வேண்டும். அதற்கு எதிராகத் தென்மேற்குக் காற்று வீசினால் அலை செங்குத்தாக எழும். ஜனவரி அந்தக் கடலில் புயல் காலமும்கூட. கப்பல் அதிகம் ஆடும் நாளில் கொதிக்கும் பாலை மேடையில் வைக்கவே மாட்டார்கள். வைக்கும்படி கேட்பதும் தவறு. அதனால் கடிதத்தில் இரண்டு தேதி கேளுங்கள். மறுநாள் மாட்டுப் பொங்கல், அதற்கு மறுநாள் காணும் பொங்கல் என்று நமக்கு நாட்கள் இருக்கின்றன.

கோலப்பொடியைத் திறந்த தளத்தில் போட விடமாட்டார்கள். காற்றில் பாதி பறக்கும், மீதி ஈரத்தில் வழுக்கும். இரண்டடிக்கு இரண்டடி கறுப்பு அட்டையில் சாக்பீஸால் வரைந்து சாப்பாட்டுக் கூடத்து மேசையில் வையுங்கள். அறைக் கதவுகள் பெரும்பாலும் இரும்பு. தோரணத்தைக் காந்தத்தால் ஒட்டலாம். கூரையில் இருக்கும் நீர்த்தெளிப்பான் மேல் மட்டும் எதையும் தொங்கவிடாதீர்கள்.

கரும்பு வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நம் நேட்டாலைப் போலவே மொரீஷியஸும் கரும்பு விளையும் மண். வெளிக் கரும்பின் ஒரு துண்டுகூட உள்ளே வரக்கூடாது என்பது அங்கே சட்டம். நோய் வந்தால் வயல் போய்விடும். பூ, பழம், இலை எதையும் கையோடு கரைக்குக் கொண்டுபோகாதீர்கள். போர்ட் லூயிஸில் இறங்குபவர்கள் ஊரார் கைலாசோன் என்று சொல்லும் சொக்கலிங்க மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய் வரலாம். பூவும் தேங்காயும் அங்கேயே வாங்குங்கள். ரீயூனியனில் கப்பல் நிற்பது வடமேற்கில். தமிழ்க் கோயில்கள் நிறைந்த செயின்ட் ஆந்த்ரே வடகிழக்கில். போக வர மூன்று மணி நேரம் ஒதுக்க முடியாவிட்டால் கிளம்பாதீர்கள். எல்லோரும் ஏறியாக வேண்டிய நேரம் கடந்தால் கப்பல் காத்திருக்காது.

பொங்கல் செய்யும்போது நாற்பது பேருக்கு என்று எழுதினாலும் ஐம்பது கிண்ணத்துக்குக் கணக்குப் போடுங்கள். விடியற்காலை மேடையைத் திறந்துவிட்டவர், அண்டாவைக் கிளறியவர், வழிந்த பாலைத் துடைத்தவர் எல்லோரும் அங்கேயே நிற்பார்கள். முதல் கிண்ணங்கள் அவர்களுக்கு.

வணக்கம்.