தண்ணீர் திரும்பி வந்த ஊர்

நேயர்களுக்கு வணக்கம். நெதர்லாந்து என்றதும் எல்லாருக்கும் ஆம்ஸ்டர்டாம்தான் நினைவுக்கு வரும். நான் பேசப்போவது அங்கிருந்து ரயிலில் அரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும் யூட்ரெக்ட் நகரத்தைப் பற்றி. எந்த ஊருக்குப் போனாலும் அங்கே தண்ணீர் ஓரமாகப் போய் உட்கார முடிகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். யூட்ரெக்டில் முடியும். அதுவும் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

அந்த ஊரின் பழைய கால்வாய்க்கு அவுதக்ராக்ட் என்று பெயர். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். மேலே தெரு, வீடுகள், கடைகள். தெருவோரத்திலிருந்து படி இறங்கினால், தண்ணீரை ஒட்டியே கல் பாவிய நடைமேடை. அந்த மேடையிலிருந்து தெருவுக்கு அடியிலேயே, மேலே உள்ள வீடுகள் வரைக்கும் போகும் நிலவறைகள். 1122-இல் ரைன் ஆற்றை ஊருக்கு வரும் முன்பே அணை போட்டு மறித்தார்கள். அதற்குப் பிறகு கால்வாயில் தண்ணீர் பெரிதாக ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அதனால்தான் இவ்வளவு தாழ்வாக மேடை கட்டத் துணிந்தார்கள். வியாபாரிகள் படகிலிருந்து சரக்கை நேரே நிலவறைக்குள் உருட்டினார்கள். இன்றைக்கு அங்கே சாப்பாட்டுக் கடைகள். சாயங்காலம் ஒரு அம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். அவர் பாதத்துக்கு ஒரு சாண் கீழே வாத்து ஒன்று போயிற்று. அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அவ்வளவு பழக்கம்!

இந்த ஊரில் என்னை மிகவும் கவர்ந்தது மீன்களுக்கான அழைப்பு மணி. ஆமாம், சரியாகத்தான் கேட்டீர்கள், மீன்களுக்கு! நகரத்தின் வடக்கே கால்வாயில் படகுகளுக்கான மதகு ஒன்று உண்டு. வசந்த காலத்தில் மீன்கள் முட்டையிட ஆழம் குறைந்த இடங்களைத் தேடிப் போகும். அந்த நேரத்தில் படகுப் போக்குவரத்து குறைவு, மதகு மூடியே கிடக்கும். கதவுக்கு முன்னால் மீன்கள் கூட்டமாகக் காத்து நிற்கும். காத்து நிற்கும் மீனைக் கொத்திப் போக நீர்ப்பறவைகளுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? 2021-இல் தண்ணீருக்கடியில் ஒரு கேமரா வைத்து, அதை இணையத்தில் நேரலையாக விட்டார்கள். உலகத்தில் எந்த மூலையில் இருந்து பார்ப்பவரும், மீன் தெரிந்தால் திரையில் உள்ள பொத்தானை அழுத்தலாம். அந்தப் படம் மதகுக்காரருக்குப் போய்ச் சேரும். மீன்கள் போதுமான அளவு சேர்ந்தால் அவர் கதவைத் திறந்துவிடுவார். நானும் இரவில் பார்த்துக்கொண்டே இருப்பேன். பெரும்பாலும் பச்சைக் கலங்கல்தான் தெரியும். திடீரென்று ஒரு துடுப்பு, ஒரு கண். உடனே பொத்தான்! ஒரு நகரம் தன் மீன்களுக்குக் கதவு திறக்க ஆள் வைத்திருக்கிறது என்பதை நினைக்க நினைக்க எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஆனால் இதே ஊர் ஒரு காலத்தில் தண்ணீரை வேண்டாம் என்று தள்ளியது. பழைய நகரத்தைச் சுற்றி ஓடும் அகழியின் ஒரு பகுதியை 1970-களில் வற்றவைத்து, அந்தப் பள்ளத்திலேயே கார்களுக்குப் பெருஞ்சாலை போட்டார்கள். 2002-இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. தண்ணீர் திரும்பட்டும் என்று ஊர் சொல்லிற்று. வேலை உடனே முடிந்துவிடவில்லை. 2020 செப்டம்பரில்தான் வளையம் முழுமையானது. இப்போது பழைய நகரத்தைப் படகிலேயே சுற்றி வரலாம். மறுபடியும் சொல்கிறேன், கார் ஓடிய இடத்தில் இன்றைக்குப் படகு ஓடுகிறது. மூடிய நீர்நிலையைத் திறக்கவே முடியாது என்று யாராவது சொன்னால், நான் இந்த ஊரைத்தான் காட்டுவேன்.

நேரம் நெருங்குகிறது என்று வானொலி நிலையத்தார் கை காட்டுகிறார்கள். டோம் தேவாலயத்தின் 112 மீட்டர் உயரக் கோபுரத்தைப் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன். 1674-இல் அடித்த புயலில் தேவாலயத்தின் நடுப்பகுதி இடிந்துவிட, கோபுரம் தனியே நிற்கிறது. ரயில் நிலையத்தின் அடியில் 12,500 சைக்கிள்கள் நிற்கும் நிறுத்தம் இருக்கிறது, அதையும் பாருங்கள். அவுதக்ராக்ட் ஓரத்தில் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு கல்லில் ஒரே ஒரு எழுத்தைச் செதுக்கி, ஒரு கவிதையை நீட்டிக்கொண்டே போகிறார்கள். சனிக்கிழமை மதியம் அங்கே இருக்கும்படி பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.