எடுத்த கணத்திலேயே குற்றம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இவ்வளவு நேரமும் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அனுமதி இல்லாமல் ஒருவரை ரகசியமாகப் படம்பிடிப்பதைத் தடுக்கப் பெரிதும் தேவைப்படுவது விழிப்புணர்வா, கடுமையான குற்றவியல் சட்டமா என்பது தலைப்பு. நான் சட்டம் என்ற அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா விழிப்புணர்வுக்கு ஒரு பட்டியலே கொடுத்தார். விடுதி அறைக்குள் போனதும் விளக்கை அணைக்க வேண்டுமாம், மொபைலில் டார்ச் போட்டு எங்கேயாவது லென்ஸ் மின்னுகிறதா என்று தேட வேண்டுமாம், சுவர்க் கடிகாரத்தைத் திருப்பி வைக்க வேண்டுமாம், சார்ஜரைக் கழற்றிப் பார்க்க வேண்டுமாம். அம்மா, ஒரு பெண் குளிக்கப் போகிறாளா, வெடிகுண்டைச் செயலிழக்க வைக்கப் போகிறாளா?

அந்தப் பட்டியலில் இருந்த வேலை முழுவதும் படம்பிடிக்கப்படுபவருக்குத்தான். கேமராவை ஒளித்து வைத்தவனுக்கு ஒரு வேலைகூட இல்லை.

சரி, அவர் சொன்னதையெல்லாம் செய்தோம் என்றே வைத்துக்கொள்வோம். 2019-ல் தென் கொரியாவில் ஒரு கும்பல் பிடிபட்டது. 30 விடுதிகளில் 42 அறைகள், சுமார் 1,600 பேர், எல்லாம் இணையத்தில் நேரலையாகப் போயிருக்கிறது, பணம் கட்டிப் பார்க்க ஆட்கள் இருந்திருக்கிறார்கள். கேமரா எங்கே இருந்தது தெரியுமா? தொலைக்காட்சிப் பெட்டிக்குள், சுவர் பிளக் பாயிண்ட்டுக்குள், முடி உலர்த்தும் கருவியை மாட்டும் தாங்கிக்குள். 1,600 பேருக்கும் விழிப்புணர்வு இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட முடியுமா நம்மால்?

எதிரணியின் அடுத்த வாதம், சட்டம்தான் ஏற்கெனவே இருக்கிறதே, புதிதாக எதற்கு என்பது. இதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், நடுவர் மணியில் கை வைக்காமல் இருக்க வேண்டும்.

சட்டம் இருக்கிறது, உண்மைதான், ஆனால் அதில் எப்படிப்பட்ட ஓட்டைகள் இருந்திருக்கின்றன என்று பாருங்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஓர் ஆள் ரயிலில் பெண்களின் உடைக்கு அடியில் மொபைலை நீட்டிப் படம் எடுத்துப் பிடிபட்டான். 2014 மார்ச்சில் அந்த மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் இது குற்றம் ஆகாது என்று சொல்லிவிட்டது. ஏனென்றால் அங்கிருந்த சட்டம் முழுதாகவோ பாதியாகவோ உடையில்லாமல் இருப்பவரைப் படம் எடுப்பதைத்தான் தடுத்தது. இந்தப் பெண்கள் உடை உடுத்தி ரயிலில் போய்க்கொண்டிருந்தார்கள், அதனால் சட்டம் அவர்களுக்கு இல்லை. ஊரே கொதித்தது, இரண்டே நாளில் புதிய சட்டம் கையெழுத்தானது. இரண்டு நாளில் அடைக்கக்கூடிய ஓட்டையை அதுவரை யாரும் அடைக்கவில்லை என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

ஹாங்காங் கதை இன்னும் விசித்திரம். அங்கே இதற்கென்று தனிச் சட்டமே இல்லாததால், கணினியை நேர்மையற்ற நோக்கத்தோடு பயன்படுத்துவது என்ற பிரிவில்தான் இந்த ஆட்கள் மேல் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2019-ல் வேறொரு வழக்கில் அவர்களுடைய உச்ச முறையீட்டு நீதிமன்றம், ஒருவன் தன் சொந்தக் கருவியைப் பயன்படுத்தினால் அந்தப் பிரிவு பொருந்தாது என்று தீர்ப்புக் கொடுத்தது. அப்புறம் என்ன, எவன் அடுத்தவன் மொபைலைக் கடன் வாங்கி இந்த வேலையைச் செய்வான்? 2021-ல் தனிச் சட்டம் வந்த பிறகுதான், ஐந்து ஆண்டு வரை சிறை என்று, நிலைமை நேரானது.

கனடாவில் ஒரு பள்ளி ஆசிரியர், பேனாவுக்குள் கேமரா வைத்து 27 மாணவிகளின் மார்புப் பகுதியைப் படம் பிடித்தார். வகுப்பிலும் நடைபாதையிலும், பாடம் பற்றிப் பேசுவதுபோல் பேசிக்கொண்டே. விசாரணை நீதிமன்றம் இதில் பாலியல் நோக்கம் ஐயமில்லாமல் நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலை செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம், நோக்கம் அதுதான், ஆனால் பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளைகள் அந்தரங்கத்தை எதிர்பார்க்க முடியாதே என்று விடுதலையை உறுதி செய்தது. 2019-ல் உச்ச நீதிமன்றம் போய்த்தான் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. வீடியோ கையில் இருக்கிறது, எடுத்த ஆள் யார் என்று தெரியும், பேனாவும் கிடைத்துவிட்டது. அப்படியும் மூன்று நீதிமன்றம். எதிரணி நண்பர்களே, அந்த மாணவிகள் எந்த விழிப்புணர்வு முகாமுக்குப் போயிருந்தால் தப்பித்திருப்பார்கள்? ஆசிரியரின் பேனாவைச் சந்தேகப்படு என்று சொல்லிக்கொடுப்பீர்களா?

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயமே இருக்கிறது. பல நாட்டுச் சட்டங்கள் எடுத்தவன் மனதுக்குள் என்ன நினைத்தான் என்று கேட்கின்றன. இங்கிலாந்தில் 2017-ல் ஓர் இசை நிகழ்ச்சியில் ஜீனா மார்ட்டின் என்ற பெண்ணின் உடைக்கு அடியில் ஒருவன் மொபைலை நீட்டிப் படம் எடுக்க, போலீஸ் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்ல, அவர் விடாமல் போராடி 2019-ல் சட்டமே வந்தது. நல்ல சட்டம்தான், இரண்டு ஆண்டு வரை சிறை. ஆனால் அதிலும் ஒரு நிபந்தனை: எடுத்தவன் பாலியல் இன்பத்துக்காகவோ, அந்தப் பெண்ணை அவமானப்படுத்தவோ, கலங்கடிக்கவோ எடுத்திருக்க வேண்டும். "சும்மா நண்பர்களோடு சிரிக்க எடுத்தேன்", "விற்றுக் காசு பார்க்கத்தான் எடுத்தேன்" என்று ஒருவன் சொன்னால், அது பொய் என்று நிரூபிக்கிற பாரம் வழக்குத் தொடுத்தவர்கள் தலையில். திருடன் பர்ஸை என்ன நோக்கத்தில் செலவு செய்ய எடுத்தான் என்று எந்த நீதிமன்றமாவது கேட்கிறதா? சம்மதம் இல்லை, ரகசியமாக எடுத்தாய், எடுத்தது அந்தரங்கம். இந்த மூன்றும் இருந்தால் எடுத்த கணத்திலேயே குற்றம் முடிந்துவிட்டது. பரப்பினானா, பார்த்தானா, அழித்தானா என்பதெல்லாம் தண்டனையைக் கூட்டுவதற்கான கேள்விகள்.

இந்தியச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பெண்ணை அந்தரங்க நிலையில் ரகசியமாகப் பார்ப்பதையும் படம் எடுப்பதையும் குற்றமாக்கி, 2013-ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்த்த 354சி பிரிவு, இப்போது அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 77-ஆவது பிரிவாக இருக்கிறது. படம் எடுக்கச் சம்மதித்தாலும் பரப்பச் சம்மதித்ததாக ஆகாது என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள், பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் அது பெண்ணை மட்டும்தான் பாதிக்கப்பட்டவராகப் பார்க்கிறது. விடுதிக் குளியலறையில் ஓர் இளைஞனைப் படம் எடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவைத் தேடிப் போக வேண்டும், அதுவோ உடலின் குறிப்பிட்ட பாகங்கள் பதிவான படத்தைப் பற்றி மட்டும் பேசுகிறது.

பார்க்கிறவனையும் விடக்கூடாது. தென் கொரியாவில் 2018-ல் பல்லாயிரம் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 2020-ல் சட்டத்தைத் திருத்தி, எடுப்பதற்கு ஏழு ஆண்டு வரை என்றும், அப்படி எடுத்ததை வாங்கினாலோ வைத்திருந்தாலோ தெரிந்தே பார்த்தாலோ மூன்று ஆண்டு வரை என்றும் ஆக்கினார்கள். அப்படியும் அங்கே குற்றம் நின்றுவிடவில்லையே என்று அடுத்து வருபவர் கேட்பார், எனக்குத் தெரியும். கொலைக்கும் சட்டம் இருக்கிறது, கொலை நிற்கவில்லை, அதற்காக அந்தப் பிரிவை எடுத்துவிடலாமா?

எதிரணியில் ஒரே ஒரு வாதத்தை நான் மதிக்கிறேன். லஞ்சம் கேட்பவரை, மிரட்டும் முதலாளியை ரகசியமாகப் பதிவு செய்பவர்களும் இந்த வலையில் மாட்டுவார்களே என்றார் ஒரு நண்பர். நியாயமான பயம். ஜெர்மனியில் தனிப்பட்ட பேச்சை ரகசியமாகப் பதிவு செய்தாலே மூன்று ஆண்டு வரை சிறை, அது கொஞ்சம் அதிகம் என்றுதான் எனக்கும் படுகிறது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் பேசுகிற இருவரில் ஒருவர் சம்மதித்தால் பொதுவாகப் போதும். தன்னிடம் நடக்கும் குற்றத்துக்கு ஆதாரம் சேர்ப்பவருக்கு விலக்கு என்று ஒரு வரி எழுதினால் இந்தப் பயம் தீர்ந்தது. அந்த விலக்கைக் காட்டி யாரும் உடை மாற்றும் அறைக்குள் கேமரா வைக்க முடியாது. அங்கே எந்த ஊழலைப் பிடிக்கப் போகிறார்கள்?

கடைசியாக, தெரியாமல் செய்துவிட்ட இளைஞர்களின் எதிர்காலம் பாழாகிவிடும் என்று உருகினார் இன்னொருவர். நீதிபதிக்குக் குறைவான தண்டனை கொடுக்கவும் அதிகாரம் உண்டு, சிறார்களுக்குத் தனி நடைமுறையும் உண்டு, கடுமையான சட்டம் என்றால் எல்லாரையும் ஏழு ஆண்டு உள்ளே போடுவது என்று அர்த்தம் இல்லை. ஆனால் தெரியாமல் என்கிறீர்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. கேமராவை வாங்க வேண்டும், அது தெரியாதபடி இடம் பார்க்க வேண்டும், பேட்டரி தீருமுன் போய் எடுக்க வேண்டும். இத்தனையையும் யாரும் தெரியாமல் செய்ய முடியாது. நடுவர் மணியை எடுத்துவிட்டார், என் வாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன், நன்றி, வணக்கம்.